முடிவைச் சொல்லக்கூடாது

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை சிவானந்தனை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு வந்திருந்தோம். "என்ர மருமகளின்ர குரல் றேடியோவில வராட்டி இந்த மீசையை வழிச்சுப்போட்டுத்தான் கந்தோருக்குப் போவன்" என்று அவர் சபதம் போட்டார். சபதத்தின் பாரம் தாங்காமல் நாற்காலியின் பின்கால் ஒன்று முறிந்தது. அந்தச் சத்தம் தெகிவளை மிருகக்காட்சிசாலை வரைக்கும் கேட்டு, அங்கே ஒரு கிழட்டுச் சிங்கம் எழுந்து நின்றதாகப் பேச்சு.

நாற்காலி இன்னும் மூன்று காலில்தான் நிற்கிறது. மீசை பத்திரமாக இருக்கிறது. இன்றைக்குச் சனிக்கிழமை. பொழுது சாய்வதற்குள் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

இந்த வீட்டுக்கு இன்றுதான் முதன்முதலாக வருகிறவர்கள் தயங்காமல் உள்ளே வரலாம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், மேல்மாடி. சிவானந்தன் கப்பல் கம்பனிக் கணக்கர், கலியாணம் கட்டாதவர். அவரோடு இருப்பவர்கள் அவருடைய தங்கை, வாசிகசாலை ரீச்சர் மங்கையற்கரசியும், ஏழாம் ஆண்டு படிக்கும் அவள் மகள் சாம்பவியும். சாம்பவியின் மூச்சு வருத்தத்துக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் காட்டவென்று தாயும் மகளும் வெளியே போகும் அனுமதிப் பாஸ் எடுத்து வன்னியில் மல்லாவியிலிருந்து வந்தார்கள். "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னால வாறன்" என்றார் மங்கையின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா வாத்தியார். அவருக்குப் பாஸ் கிடைக்கவில்லை. மூச்சு வருத்தம் சுகமாகி, பிள்ளை இப்போது மாடிப்படியில் மூச்சிரைக்காமல் ஓடுகிறாள். வாத்தியார் இன்னும் மல்லாவியில்தான் இருக்கிறார்.

அவர்கள் புறப்பட்ட விடியற்காலை விளக்கில் எண்ணெய் இல்லை. உழவு இயந்திரம் வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. இருட்டில் கால் போன இடத்தில் மங்கை ஒரு சோடிப் பாட்டாச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். வவுனியாச் சோதனைச் சாவடியில் "செருப்பைக் கழற்று" என்றபோதுதான் பார்த்தாள்: கணவருடையது. நீல வார். இடது வார் அறுந்து, ஊசி குத்தியிருந்தது. அப்படியென்றால் அவளுடைய சிவப்புப் பாட்டா அங்கே அவர் காலில். அவருக்கோ ஆனை மாதிரிப் பெரிய பாதம். மனிசன் இரண்டு வருசமாகக் குதிக்கால் வெளியே தொங்க, கொக்கு மாதிரி நடந்து திரிகிறாரோ என்று நினைத்தால் மங்கைக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிய வேறொன்றும் வரும்.

அந்த நீல வார்ப் பாட்டாவை அவள் பிறகு போட்டதேயில்லை. செருப்புத் தட்டின் மேல் வரிசையில் அது தனியாக இருக்கும்.

"அம்மா, ஒருக்காச் சொல்லிக் காட்டட்டோ?"

காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணினால் விரல் தேய்ந்துவிடும். கண்ணாடிக்கு முன்னால் நின்று, சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு சாம்பவி தான் வாசித்த நாவலின் கதையைச் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"சீப்பை வை. தலை இழுக்கவேணும்."

"நான் தெரிவாகாட்டி?"

"ஆகாட்டி ஆகாட்டித்தான். உனக்கு நான் வாசிகசாலையில அம்மா இல்லை. ரீச்சர்."

"தெரியும்," என்றாள் சாம்பவி. பிறகு கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்: "அப்பா கேப்பார் எண்டதுக்காகத்தான்."

மங்கை சீப்பை வாங்கிப் பின்னலைப் போடத் தொடங்கினாள். வழக்கத்தைவிட இறுக்கமாகப் போட்டாள்.

ஐப்பசியில் மல்லாவியிலிருந்து வந்த தபால்கந்தோர்க்காரர் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அங்கே கரண்ட் இல்லை, சோதனைச் சாவடியில் பற்றரியை உள்ளே விடமாட்டார்கள். றேடியோ கேட்கவேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கேட்கவேண்டும். செய்தி கேட்டு முடிக்கிற நேரத்தில் சைக்கிள் நேராக நின்றிருந்தால் மாங்குளம் போயிருக்கலாம். நாடகம் கேட்டால் மதுரையே போயிருக்கலாம். "உங்கட வாத்தியார் ஞாயிறு பின்னேரம் சிறுவர் நிகழ்ச்சியை ஒருநாளும் விடமாட்டார். கை கழண்டாலும் சுத்துவார். ஏன் சேர் எண்டு கேட்டால், கொழும்புப் பிள்ளையள் கதைக்கிறதைக் கேட்டால் என்ர பிள்ளையும் உதுக்குள்ள எங்கயோ நிக்கிற மாதிரி இருக்கு எண்டுவார்."

அன்றைக்குச் சாம்பவி சாப்பிடவில்லை. அன்றைக்கு முடிவெடுத்தாள், எங்கேயோ நிற்கிற மாதிரி இருக்கக்கூடாது, நிற்கவேண்டும் என்று.

அதே சிறுவர் நிகழ்ச்சிதான் இப்போது கொழும்பிலுள்ள வாசிகசாலைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டுவரை படிக்கும் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த புதுநாவலைச் சொல்லப் பதிவு செய்கிறது. இந்த முறை மங்கையின் வாசிகசாலை. ஒரு வாசிகசாலைக்கு ஒரு பிள்ளை.

*

வாசிகசாலை தண்டவாளத்துக்கு எதிரே, ஒரு மண்டபத்தின் மேல் அறை. யன்னலைத் திறந்தால் கடல், மூடினால் புழுக்கம். கோச்சி போகும்போது அலுமாரிகள் பரதம் ஆடும். ஒருமுறை ரசாயனப் புத்தகம் ஒன்று துள்ளிப்போய்ச் சமையல் தட்டில் உட்கார்ந்து, அதைப் பார்த்து ஒரு வீட்டில் ரசம் வைத்தார்கள் என்றும் கதை இருக்கிறது.

அங்கே சனிக்கிழமையில் நடப்பதற்குப் பெயர் கதைச்சந்தை. புதிதாக வந்த நாவல்களை முதலில் வாசித்த பிள்ளைகள் எழுந்து நின்று, சந்தையில் மாம்பழம் விற்கிற மாதிரிக் கூவி விற்கவேண்டும். ஒரு பிள்ளை அட்டைப்படம் கீறிக்கொண்டு வருவான், இன்னொரு பிள்ளை ஒரு அத்தியாயத்தை நடித்துக் காட்டுவாள். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எந்தக் கதை பிடிக்கிறதோ அந்த மேசைக்கு முன்னால் தங்கள் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோய் வரிசையில் வைக்கவேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு செருப்பு. புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரே பிரதிதான் என்பதால், வரிசையில் முதல் நிற்கும் செருப்புக்குரியவர் முதலில் எடுத்துப் போகலாம். சந்தை முடியும்வரை அத்தனை பிள்ளைகளும் ஒற்றைக்கால் செருப்போடு கெந்தித் திரிவார்கள்.

சுவரில் சிவப்பு மையில் ஒரே ஒரு விதி:

முடிவைச் சொல்லக்கூடாது.

மங்கை அந்த விதியில் கல்லுப் போல நிற்பவள். முடிவைச் சொன்ன பிள்ளைக்கு அன்றைக்குப் புத்தகம் இல்லை, மேடையும் இல்லை. சொந்த அண்ணன் சிவானந்தன் ஒரு துப்பறியும் கதையைப் பாதியில் தொலைத்துவிட்டு, கொலைகாரன் யார் என்று ஆறு மாதம் கெஞ்சியும் அவள் வாய் திறக்கவில்லை. அந்த ஆறு மாதமும் மனிசன் கந்தோரில் எல்லாரையும் சந்தேகத்தோடு பார்த்தார்.

விதி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் அவள் சொன்னதில்லை. வந்தது வீட்டிலிருந்து. ஸ்ரீஸ்கந்தராசா வாத்தியார் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கிற ஆள். "ஒருத்தரும் சாகேல்லை எண்டு தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதியா வாசிக்க ஏலும்" என்பார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. மங்கை நடுப்பக்கத்தில் நெஞ்சிடிக்க நிற்கும்போது, "பயப்படாதையும், அவன் கடைசியில வந்திடுவான்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டைகளை அடுக்கினால் முக்கால்வாசியும் இதுதான்.

இப்போது அவள் நிம்மதியாக வாசிக்கிறாள். அடுப்படியிலிருந்து ஒரு குரலும் வருவதில்லை.

*

றேடியோவிலிருந்து பதிவு செய்யப் பிறிஜெற் வந்து சேர்ந்தபோது வியர்த்துக் கொட்டியது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினவள், தோளில் ரெக்கோடர் பெட்டி.

"மன்னிச்சுக்கங்க மிஸ். ஒவ்வொரு செக்பொயின்டிலயும் இந்தப் பெட்டியைத் திறந்து காட்டணும். பம்பலப்பிட்டியில ஒரு சிப்பாய், 'மே மொக்கத்த நங்கி?'ங்கிறான், இது என்ன தங்கச்சின்னு. பாட்டுப் பிடிக்கிற பெட்டி தம்பி, வேணும்னா பாடிப் பாருன்னேன். பாடிட்டான்! டேப்பில பாதி அவன்தான் இருக்கான்."

"அழிச்சுப்போடுங்கோவன்."

"மனசு வரல மிஸ். ஊரைப் பத்தின பாட்டு."

பிறகு அவள் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து நிபந்தனை சொன்னாள். கதை மட்டும் சொல்லலாம். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. ஊர்ப் பேர் கூடாது. "கேட்டுக்கிட்டு இருக்கிற அம்மாவுக்கு, அப்பாவுக்கு வணக்கம் அப்படின்னு கூடச் சொல்லக்கூடாது. சொன்னீங்கன்னா டேப்பு மேலதிகாரிங்ககிட்ட போறப்ப அப்படியே தூக்கி ஓரத்தில போட்டுடுவாங்க. சரியா?"

எல்லாரும் சரி என்றார்கள். சாம்பவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மங்கை அதைக் கவனித்தாள்.

சந்தை தொடங்கியது. இன்றைக்கு யாருடைய செருப்பு வரிசை நீளமோ அந்தப் பிள்ளைக்குத்தான் றேடியோ. ஆறாம் ஆண்டுச் சின்னப்பெண் ஒருத்தி 'பூனைகளின் பேக்கரி'யை விற்க வந்து, பூனைகளின் பேரெல்லாம் சொல்லி, கதையை மறந்து, அழுதாள். அவளுக்கும் மூன்று செருப்புக் கிடைத்தது, அனுதாபத்தில்.

அடுத்தது தாஸிம். எட்டாம் ஆண்டு. அவன் வீட்டுப் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும், 'சொல்ல' என்பது 'செல்ல' ஆகும். அவன் வாயைத் திறந்தால் யன்னலில் இருக்கும் காகங்கள் சண்டையை நிறுத்திவிட்டுக் கேட்கும். 'கலங்கரை விளக்கின் களவு' என்ற நாவல். "ஒரு நாள் ராவைக்கு லைட்ஹவுஸ்ல பல்பு ஈக்கி, கம்பி ஈக்கி, கரண்டும் ஈக்கி. ஆனா வெளிச்சத்தைக் காணல்ல! வெளிச்சத்தை யாரோ களவெடுத்துட்டாங்க. எப்பிடி? அதைச் செல்ல மாட்டேன். வேணுமெண்டா செருப்பை வைங்க!"

செருப்புகள் பறந்தன.

பிறகு சாம்பவி. 'உப்பளத்துக் குதிரை.' உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை. தகப்பன் தோணியில் போய்த் திரும்பி வரவில்லை. ஒருநாள் உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் குதிரை, ஒரு கால் நொண்டி. குதிரைக்கு ஒவ்வொரு நாளும் தகப்பனின் பழைய சட்டையை மணக்கக் கொடுத்து, "இந்த மணத்தில ஒருத்தர் வந்தால் எனக்குச் சொல்லவேணும்" என்று அந்தப் பிள்ளை பழக்குகிறாள். "குதிரை சொன்னதோ, சொல்லேல்லையோ?" என்று கேட்டுவிட்டுச் சாம்பவி நிறுத்தினாள். விதிப்படி, சரியான இடத்தில்.

செருப்புகள் பறக்கவில்லை. நடந்து வந்தன. ஆனால் வந்துகொண்டே இருந்தன.

வந்துகொண்டே இருந்தன என்பதில்தான் பிழை. மங்கை குனிந்து பார்த்தாள். ஆறாம் ஆண்டு, ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளின் சின்னச் செருப்புகளுக்குப் பின்னால் வள்ளம் அளவுக்கு ஒரு தோல் செருப்பு. அதற்குப் பின்னால் குளியலறைச் செருப்பு, இன்னும் ஈரமாக. அதற்குப் பின்னால் கீழ்வீட்டு மர்ஸூக் நானாவின் மனைவி கலியாண வீட்டுக்குப் போடுகிற ஹீல்ஸ். இப்படியே ஒரு சப்பாத்துக்கடை.

தூணுக்குப் பின்னால் சிவானந்தன், கையில் பாதி காலியான சொப்பிங் பையோடு, கடலை ரசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை."

"என்ன காத்து, என்ன காத்து!"

"இது ஆற்ற செருப்பு?"

"வாசகர்களின்ர."

"மர்ஸூக் நானாவின்ர மனிசி ஏழாம் ஆண்டோ?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சிவானந்தன் மீசையைத் தடவினார். "மங்கை, நான் ஆருக்காகச் செய்தனான்? அங்க ஒருத்தர் கை கழலச் சுத்திக்கொண்டு இருக்கிறார். இஞ்ச நீர் செருப்பு எண்ணிறீர்."

மங்கை வரிசைக்கு முன்னால் குந்தினாள். ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய பையில் போட்டாள். கடைசியாக நின்றது நீல வார். இடது வாரில் ஊசி.

வரிசையின் கடைக்கோடியில், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தள்ளி, கூட்டத்தில் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி அது நின்றது. அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார், பள்ளிக்கூட விழாக்களில். மங்கையின் கை ஒருகணம் அந்தரத்தில் நின்றது.

பிறகு அதையும் எடுத்தாள். பையில் போடவில்லை. தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"மற்றதைத் தாங்கோ," என்றாள். சிவானந்தன் பைக்குள் கையை விட்டு அதன் சோடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

கள்ளச் செருப்பெல்லாம் போகத் தாஸிமின் வரிசையும் சாம்பவியின் வரிசையும் ஒரே நீளமாக நின்றன. இரண்டு தடவை பார்த்தார்கள், ஒரே நீளம்தான்.

"ரெண்டு பேரும் பேசட்டுமே மிஸ்," என்றாள் பிறிஜெற். "ஆளுக்குப் பாதி நேரம். ஆனா டேப்புக் கொஞ்சம்தான் இருக்கு. சிப்பாய் சாப்பிட்டுட்டான்."

*

யன்னல்களை மூடினார்கள். புழுக்கத்தில் மூன்றாம் தட்டிலிருந்த பனிமலைப் படப்புத்தகம் உருகிவிடும் போலிருந்தது. தாஸிம் முதலில் பேசினான். ஒரே மூச்சில், ஒரு பிசகில்லாமல், முடிவுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். பிறிஜெற் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

சாம்பவி மைக்கைப் பிடித்தாள். வீட்டில் சொன்னதுபோலவே தொடங்கினாள். உப்பளம், தோணி, குதிரை, சட்டையின் மணம். "குதிரை சொன்னதோ, சொல்லேல்லையோ?"

இங்கே நிறுத்தவேண்டும்.

அவள் நிறுத்தவில்லை. ஒருமுறை மூச்சை இழுத்தாள். தாயைப் பார்க்காமல், சுவரில் சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டு, மேலே சொல்லத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கோச்சி வந்தது.

மருதானையிலிருந்து தெற்கே போகிற அத்தனை பெட்டிகளும் அன்றைக்கு அந்த ஒரே கோச்சியில் கொளுவியிருந்தன போலும், அப்படி ஒரு நீளம். அலுமாரிகள் ஆடின. ரெக்கோடரின் முள் துள்ளியது. சாம்பவியின் உதடுகள் மட்டும் அசைந்தன. மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மங்கைக்குக் காது தேவைப்படவில்லை. அந்த நாவலை அவள் வாசித்திருந்தாள்.

கோச்சி போய் முடிந்தபோது சாம்பவியும் சொல்லி முடித்திருந்தாள்.

தாஸிம்தான் முதலில் எழும்பினான். "டீச்சர்! அவ முடிவைச் செல்லிட்டா! நான் வாயைப் பார்த்தேன்."

பிறிஜெற் டேப்பைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டுப் பார்த்தாள். "குதிரை சொன்னதோ, சொல்லேல்லையோ?" என்ற குரல். அதற்குப் பிறகு ஒரே தடதட தடதட.

"நல்லதாப் போச்சு மிஸ்," என்றாள் பிறிஜெற். "கேள்வியோட வெட்டிட்டாச் சரி. விதியும் உடையல. வேற டேப் செலவும் இல்ல."

எல்லாரும் மங்கையைப் பார்த்தார்கள். கோச்சி அவளுக்காகவே வந்து அவளுடைய விதியைக் காப்பாற்றிவிட்டுப் போயிருந்தது.

"ஏன் பிள்ளை சொன்னனீ?" என்று கேட்டாள் மங்கை.

சாம்பவியின் கன்னம் இரண்டும் சிவந்துபோயிருந்தன. "அப்பா எண்டு சொல்லக்கூடாது எண்டவை. நான் சொல்லேல்லை. வணக்கமும் சொல்லேல்லை."

"அதில்லை. முடிவை ஏன் சொன்னனீ?"

"அங்க புத்தகம் போகாதம்மா. இஞ்ச இருக்கிற பிள்ளையள் செருப்பை வைச்சு எடுத்துப் பாப்பினம். அங்க இருக்கிறவை என்ன செய்யிறது? கேள்வியோட விட்டால் அவர் எப்பிடி நித்திரை கொள்ளுவார்? முடிவு தெரியாட்டி அவருக்கு ஏலாதெல்லோ."

எங்கேயோ கீழே ஒரு மீன்காரனின் மணி கேட்டது.

பயப்படாதையும், அவன் கடைசியில வந்திடுவான்.

அந்தக் குரலை எரிச்சலோடு கேட்ட காலத்தை மங்கை நினைத்தாள். "உங்கட வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ" என்று புத்தகத்தை மூடி அடித்த காலம். இன்றைக்கு அடுப்படியிலிருந்து ஒரு தரம், ஒரே ஒரு தரம் யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா?

"தாஸிம்," என்றாள்.

"டீச்சர்."

"நீ சொல்லுறது நியாயம். விதி விதிதான். ஆனால் ராசா, அந்த விதி புத்தகம் கிடைக்கிற ஆக்களுக்குத்தான் எழுதினது. எழுதேக்க எனக்கு அது விளங்கேல்லை."

தாஸிம் தலையைச் சொறிந்தான். சுவரைப் பார்த்தான். சாம்பவியைப் பார்த்தான். பிறகு பெரிய வழக்கறிஞர் மாதிரிக் கையை நீட்டினான். "அப்ப எனக்கும் வேணும். என்ட கதையைக் கேக்கிற ஆக்களும் அங்க ஈக்கிறாங்கதானே? அவங்களும் முழிச்சிக்கிட்டு ஈக்கப்படாது."

பிறிஜெற் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உனக்கு ஒரு வரி. ஒரே வரி! தங்கச்சி, உனக்கு அடுத்த கோச்சி வர்றதுக்குள்ள."

தாஸிம் தன் ஒரு வரியைச் சொன்னான். வெளிச்சத்தைக் களவெடுத்தது யார் என்று அந்த வரியில் இருந்தது. கொழும்பிலும் வத்தளையிலும் இருக்கிற வாசகர்கள் அதைப் புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொள்ளலாம். இரண்டாம் தட்டில் இருக்கிறது.

பிறகு மங்கை மைக்கை எடுத்து மகளின் கையில் கொடுத்தாள். "இன்னொருக்காச் சொல்லு பிள்ளை. முடிவோட."

சாம்பவி சொன்னாள். இந்தமுறை கோச்சி இல்லை.

"தோணி ஒரு ராத்திரி வந்து சேர்ந்தது. தகப்பன் வீட்டுக்கு நடந்து வந்தார். வாசலில ஒரு வெள்ளைக் குதிரை நிண்டது. அது ஆற்ற குதிரை எண்டு அவருக்குத் தெரியாது. ஆனால் குதிரைக்கு அவரைத் தெரியும். கையை மணந்து பாத்திட்டு வழி விட்டது. உள்ள பிள்ளை நித்திரை. நல்ல நித்திரை எண்டு அவர் கதவைத் தட்டேல்லை. குதிரைக்குப் பக்கத்தில படியில இருந்தார். விடியுமட்டும் இருந்தார். விடியக் கதவைத் திறந்த உடன பிள்ளை முதல் கண்டது குதிரையை இல்லை." ஒரு சின்ன இடைவெளி. "அவ்வளவுதான். ஒருத்தரும் சாகேல்லை."

கடைசி வரி நாவலில் இல்லை.

பிறிஜெற் பொத்தானை அமத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புழுக்கம் என்று யன்னலைத் திறந்தாள்.

*

தாயும் மகளும் ஒழுங்கையில் திரும்பி வந்தார்கள். ஐடி காட்டச் சொன்ன இடத்தில் காட்டினார்கள். மங்கையின் கைப்பை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. "மொனவத?", என்ன சாமான் என்று சிங்களத்தில் கேட்ட பொலிஸ்காரர் திறந்து பார்த்துவிட்டு, ஒரு பழைய ஆண்பிள்ளைச் செருப்புச் சோடியை ஏன் ஒரு மனுசி கைப்பையில் கொண்டு திரிகிறாள் என்று விளங்காமல், மரியாதையாக மூடிக் கொடுத்தார்.

கதவைத் திறந்தவரைப் பார்த்துச் சாம்பவி இரண்டடி பின்வாங்கினாள். முன்பின் தெரியாத ஒரு முகம். மேலுதடு மட்டும் பச்சைப்பிள்ளையின் உதடு மாதிரி வெளுத்திருந்தது.

"மாமா! மீசை?"

"சபதம் எண்டால் சபதம்," என்றார் சிவானந்தன். "என்னாலதான் உனக்குச் சந்தர்ப்பம் போனது. வந்த கையோட வழிச்சுப்போட்டன்."

"நான் பேசினனான் மாமா! ரெண்டு பேரையும் எடுத்தவை!"

சிவானந்தன் மூன்றுகால் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அது மெல்லச் சரிந்தது. கீழே இருந்தபடியே, வழித்த இடத்தைத் தடவிக்கொண்டு, "திருப்பி ஒட்ட ஏலாதே?" என்றார்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் பஸ்ஸெல்லாம் ஓரம் கட்டின. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"தங்கச்சி, மறந்துபோனன். மர்ஸூக் நானா வீட்டுக்கு ஒரு கோல் வந்தது. என்னைக் கூப்பிட்டவை. வவுனியாவில இருந்து. ஆம்பிளைக் குரல்."

மங்கையின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆரெண்டு கேட்டனீங்களோ?"

"ஒரே இரைச்சல். 'மங்கை நிக்கிறாவோ' எண்டது மட்டும் கேட்டது. இல்லை எண்டு முடிக்க முதல் கட்டாப்போச்சு."

"மங்கை எண்டோ? ரீச்சர் எண்டில்லையோ?"

"மங்கை எண்டுதான்."

அவளை வெறும் மங்கை என்று கூப்பிட உலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் மீசையில்லாமல் தரையில் இருந்தார்.

சாம்பவி முதலில் கண்ணை விரித்தாள். உடனேயே முகம் வாடியது. "அப்பா வவுனியாவுக்கு வந்திட்டார் எண்டால்... நாளைக்கு றேடியோ கேக்கமாட்டாரே அம்மா. முடிவு தெரியாமல் போயிடுமே."

"அவர்தான் எண்டு ஆர் சொன்னது?" என்றாள் மங்கை. குரல் ரீச்சரின் குரலாகத்தான் வந்தது. "போய்க் கால் முகம் கழுவு. அண்ணை, எழும்பி அந்த நாற்காலியைத் தூக்குங்கோ."

அவர்கள் உள்ளே போனார்கள். அவள் வாசலில் நின்று பாட்டாச் சோடியை வெளியே எடுத்தாள். மேல் தட்டில் வைக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில், நிலத்தில், வீட்டுக்குள் வந்தவர் கழற்றி வைத்த மாதிரி முனை உட்பக்கம் பார்க்க வைத்தாள். ஊசி குத்தின இடது வாரை நேராக்கினாள்.

அந்த மனிசனை அவளுக்குத் தெரியும். குதிரைக் கதையைக் கேட்டாரோ இல்லையோ, நித்திரையைக் குழப்பக்கூடாது என்று படியிலேயே இருந்துவிடக்கூடிய ஆள்தான்.

"தட்டவேணும்," என்று குனிந்து அந்த நீல வாரிடம் சொன்னாள் மங்கை. "என்ன நேரமெண்டாலும் தட்டவேணும். விடியுமட்டும் வெளியில இருக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."